முகம் காட்ட வந்தவன்

"ஐஸ்ல ஒண்ணும் வைக்காண்டாம். இப்பமே உள்ள வச்சிரச் சொல்லுலே," என்றாள் பகவதியம்மாள். மகனைப் பார்த்துத்தான் சொன்னாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்க்கவில்லை.

அபிதாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. கருமுட்டைக்காகப் போட்ட ஊசிகள் அவள் உடம்பில் அளவுக்கு மீறி வேலை செய்து, முட்டைகளை எடுத்த பிறகு வயிற்றில் நீர் கோத்துவிட்டது. இந்த நிலையில் கருவை வைத்தால் ஆபத்து, உறையவைத்து உடம்பு தேறியதும் வைக்கலாம், அதனால் பலன் ஒன்றும் குறைந்துவிடாது என்று நாகர்கோவில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

"அவிய மாட்டேங்காவம்மா," என்றான் சுயம்புராஜ்.

"நீ அடுத்த வாரம் மஸ்கட்டுக்குப் போயிருவ. பொறவு இவ வயித்தோட நின்னா ஊரு சும்மா இருக்குமா? எதுத்த வீட்டு ரெத்தினபாய் ஒருத்தி போராதா?"

"ஆஸ்பத்திரில வச்சதுன்னு சொல்லிருவோம்."

"சொல்லு. பொறவு கொறை ஆருக்குன்னு கேப்பா. அதையும் சொல்லு."

குறை சுயம்புராஜுக்குத்தான். அது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். தெருவுக்கு அபிதாதான் மலடி. ஆறு வருடமாக அதை யாரும் திருத்தவில்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யாருடைய வயிற்றைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல் அபிதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இறங்கி வரவில்லை. கரு உறைநிலைக்குப் போயிற்று. சுயம்புராஜ் மஸ்கட்டுக்குப் போனான். அபிதாவின் வயிறு வடிந்தது. உடம்பு தேறியதும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

"அவன் வரட்டு," என்றாள் பகவதியம்மாள்.

"அவிய வரவேண்டாம் மாமி. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போயிருக்காவ."

"டாக்டருக்கு வேண்டாம். தெருவுக்கு வேணும்."

அம்மா படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்று சொல்லி அவன் நாலு நாள் லீவு வாங்கி வந்தான். படுத்த படுக்கையாகக் கிடந்தவள், கரு வைக்கும் நாளன்று விடிந்ததும் அவனுக்குப் புதுச் சட்டையைத் தேய்த்து வைத்தாள்.

"நானும் இவகூடப் போகட்டா?" என்றான்.

"ரெண்டு பேரும் போனா எங்கன்னு கேக்கமாட்டாவளா? அவ பஸ்ல போயிட்டு வரட்டு. நீ போயி கடையில டீ குடி, கறி வாங்கு, நாலு பேருகிட்ட பேசு. நல்லா பாக்கட்டு."

அபிதா தனியாகப் போனாள்.

"வீட்டுக்காரரு வரல்லியா மக்கா?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரி நர்ஸ் கிரேசி.

"வந்திருக்காவ."

"பின்ன, எங்க?"

"எங்க தெருவுல நிக்காவ."

கிரேசி சிரித்தாள். அபிதா சிரிக்காததைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

எல்லாம் சீக்கிரம் முடிந்தது. வலி இல்லை. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது தெருமுனையிலேயே மாமியாரின் குரல் கேட்டது.

"பெண்டாட்டிய விட்டுட்டு இருக்க முடியல்ல பாத்துக்கோ. ஓடி வந்துட்டான்."

ரெத்தினபாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கறிப்பையோடு சுயம்புராஜ். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஏட்டி அபிதா, மாப்பிள வந்திருக்கச்சில நீ எங்க போயிட்டு வார?" என்று ரெத்தினபாய் சிரித்தாள்.

பகவதியம்மாள் முந்திக்கொண்டாள். "கடைக்குத்தான்..."

"ஆஸ்பத்திரிக்கு அக்கா," என்றாள் அபிதா. "இவிய போன தடவ வந்திருந்தப்ப உண்டாக்குன கருவ ஐஸ்ல வச்சிருந்தாவ. இன்னைக்கு உள்ள வச்சாச்சு. இவிய இல்லாமத்தான் வச்சாவ. இவிய தேவைப்படல்ல."

அவள் குரல் உயரவில்லை. ரெத்தினபாயின் சிரிப்பு வாயிலேயே நின்றது. பகவதியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அபிதா நடையேறி, கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காண்டாம். எல்லாரும் பாத்தாச்சு. உள்ள வாங்க."