செவிட்டுப் பட்டன்

ஒரத்தநாட்டு அரிசி ஆலையில் கரண்ட் போனது. பேட்டரி பத்து நிமிடம் தாங்கும். அதற்குள் கம்ப்யூட்டர் முறையாக அணைய வேண்டும். பட்டென்று நின்றால், தர்ஷினி மூன்று நாளாக ஏற்றிய ஈரப்பத அளவெல்லாம் கெட்டுவிடும். முந்நூறு மூட்டையிலும் அவள் மறுபடி குத்தூசி போட்டு நெல் எடுத்து அளக்கவேண்டும்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் அதன் அமைப்போடு அப்படியே புது மெஷினுக்குள் தனிக் கம்ப்யூட்டர் போலக் குடிவைத்தவன் அவள் புருஷன் வீரமணிதான். பேட்டரி இறங்கினால், வெளி மெஷின் உள்ளே இருப்பதற்குப் ‘பட்டனை அமுக்கியாச்சு’ என்று சேதி அனுப்பும்.

“என்னங்க, ஆறு நிமிஷந்தான் இருக்கு. அது அசையவே இல்லையே!”

“சேதி போயிருச்சு. காதுலயே வாங்கல.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆயுத பூசைதோறும் தர்ஷினி அந்தப் பழைய பட்டனில் சந்தனத்தை அழுத்தி வைப்பாள், கம்ப்யூட்டர் அணைந்துபோகும். பட்டனை அமுக்கினாலும் அணையாதபடி அவன்தான் அமைப்பை மாற்றிவைத்தான். அந்த மாற்றமும் சேர்ந்தே குடிவந்திருந்தது.

“எல்லாம் உன் கட்டைவிரல் பண்ண வேலை.”

“பொட்டு வச்சது நான். அதைச் செவிடாக்குனது யாரு? சொல்லியிருந்தா தள்ளி வச்சிருப்பேன்ல?”

வீரமணி பழைய கம்ப்யூட்டரின் அமைப்புக்குள் போய் அதைத் திருத்தினான். “இப்ப நீயே அமுக்கு.”

திரையில் இருந்த பட்டனை அவள் அமுக்கினாள். உள்ளிருந்தது ஒவ்வொரு வேலையாக மூடிவிட்டு அமைதியாக அணைந்தது. பேட்டரியில் இரண்டு நிமிடம் மிச்சம்.

அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மூட்டை புரட்டிய கை, நன்றாகவே வலித்தது. வீரமணி நகரவில்லை.