பெர்த்தில் படிக்கும் மகன்

சிங்கப்பூர் தேக்கா பூக்கடையில் மல்லிகைச் சரத்துக்குச் சொல்லி வைப்பதற்குள் நாத்தனார் சரசு ஆரம்பித்துவிட்டாள்.

"கபிலன் தங்கச்சி நிச்சயத்துக்கு வந்துடுவான்தானே அண்ணி? பெர்த்துல இப்ப குளிரா?"

"ஆமா, மழை வேற," என்றாள் சுதா, தடுமாறாமல். தினமும் காபி குடிக்கும் முன்பே கைப்பேசியில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து வானிலையைப் பார்த்துவிடுவாள். மகன் அங்கே படிக்கிறான் என்று உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் இருப்பதோ சிறையில், ஐஸ் என்னும் போதைப்பொருள் பழக்கத்துக்காக. அடுத்த வாரம் விடுதலை. பொய் வேண்டாம் என்று மகள் தாரணி எத்தனையோ முறை சொன்னாள். சுதாதான் அவள் வாயை அடைத்தாள்.

"வரும்போது சாக்லெட் வாங்கிட்டு வரச் சொல்லுங்க லா," என்று சிரித்தாள் சரசு. சாயங்காலம் துணிக்கடையில் சந்திப்பதாகப் பேசிப் பிரிந்தார்கள்.

மத்தியானம் சிறையின் பார்வையாளர் அறை. கணவர் வழக்கம்போல் வரவில்லை. காணொளித் திரையில் மகன் முகம் தெரிந்ததுமே, பெர்த்தில் படித்த கல்லூரி, தங்கிய இடம், கூட இருந்த பையன் பெயர் என்று சுதா சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். கபிலன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் பழைய கூட்டாளி ஷங்கர் வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னான்.

சுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டியூஷன், வேறு பள்ளிக்கூடம், கோயில் கோயிலாக நேர்த்திக்கடன். எதைத்தான் அவள் செய்யவில்லை?

"உனக்கு முதல்ல ஐஸ் குடுத்தவனே அவன்தானடா. அவன்கிட்ட அப்படி என்ன இருக்கு?"

"அவன்கிட்ட நான் எதையும் மறைக்க வேணாம்மா. எக்ஸாம்ல ஃபெயிலானப்போ அப்பா பேசறதையே நிறுத்திட்டாரு. நீங்க யார்கிட்டயும் சொல்லாதன்னீங்க. நம்ம புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல ஷங்கரும் அவன் பசங்களும்தான் என்னை உக்கார வெச்சுப் பேசினாங்க. இங்க கவுன்சிலர் உண்மையப் பேசப் பழகுன்னு சொல்றாரு. நீங்க பெர்த்தை மனப்பாடம் பண்ணச் சொல்றீங்க. அந்தப் பொய்யோட வாழணும்னா எனக்குத் திரும்ப ஐஸ்தான் வேணும்."

பார்வை நேரம் முடிந்து திரை அணைந்தது.

ரயிலில் மகன் மேல் ஆத்திரம், கணவர் மேல் ஆத்திரம். ஃபேரர் பார்க்கில் இறங்கும்போது அது தன் மேலேயே திரும்பியிருந்தது. பிள்ளை ஏன் வீட்டுக்கு வராமல் கீழேயே கிடந்தான் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடையில் சரசு ஒரு ஜிப்பாவைத் தூக்கிக் காட்டி, கபிலனுக்கு என்ன சைஸ் என்று கேட்டாள்.

"தெரியல சரசு. அவன் பெர்த்துல இல்ல. ஜெயில்ல இருக்கான். ஐஸ் கேஸ்."

சரசு ஜிப்பாவை மேசையில் வைத்தாள். "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா அண்ணி?"

"இன்னிக்கே தாரணிய உக்கார வெச்சுப் பேசிட்டு, நானே அவங்ககிட்ட சொல்லப்போறேன். நம்ம மானத்தக் காப்பாத்த நாம சொல்ற பொய்ய, பிள்ளைங்கதான் சுமக்குது. தப்புப் பண்ணிட்டு வர்றவன் உள்ளத உள்ளபடி பேச வீட்டுல இடம் இல்லன்னா, அந்த இடத்த ஐஸ் விக்கிறவன் குடுப்பான் சரசு."