வாய் வழியாகப் போனால்

வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸ் புது டிரிப் பையை ஜன்னல் கொக்கியில் மாட்டப் போனாள். அதற்குள் மனைவி அதைக் கையில் வாங்கி லேபிளைப் படித்தாள். அமினோ அமிலக் கரைசல், நரம்பு வழியாக மட்டும். காலாவதித் தேதி சரி, கசிவும் இல்லை. துறைமுகத்துக்கு வருகிற சரக்கு எந்த வகை, அதற்கு எந்தச் சுங்கத் தீர்வை என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. கையில் எது வந்தாலும் முதலில் லேபிள்தான்.

"என்ன மேடம், பாஸா?" என்றார் கட்டிலில் கிடந்த கணவர்.

"பாஸ்."

"நல்லது. மாட்ட வேணாம்னு சொல்லு."

நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் முந்தின நாளே பட்டும் படாமலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஈரல் இனித் தேறாது. பை ஏறினால் இன்னும் சில நாள் ஓடும், ஏறாவிட்டால் சீக்கிரம் முடியும், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று. அவருக்கு நிறுத்திவிட வேண்டும். அவளுக்கு அந்தச் சில நாள் வேண்டும். அப்போதிருந்து இருவரும் பேசாமலே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சிஸ்டர்," என்று நர்ஸை அனுப்பினாள்.

அவர் சுங்கத் துறையில் மதிப்பீட்டு அதிகாரியாக இருந்தவர். அவளுக்கு வேலை சரக்குக்காரர்களுக்காகப் பேசும் சுங்க முகவர் ஆபீஸில். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். முதல்முதலில் மோதிக்கொண்டது மெத்தியோனின் மூட்டைகளுக்காக. அதுவும் அமினோ அமிலம்தானே என்று லைசினோடு சேர்த்து எழுதிக் கொண்டுபோயிருந்தாள். அவர் சாம்பிளைப் பிரித்து முகர்ந்துவிட்டு, "இதுல கந்தகம் இருக்கு. கந்தகச் சேர்மத்துக்கெல்லாம் தீர்வைப் புத்தகத்துல தனி இடம். மேடத்துக்கு ஜலதோஷமா?" என்றார். ஆபீஸுக்குத் திரும்பிய கையோடு அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர் வைத்தாள். அது துறைமுகம் முழுக்கப் பரவியது. பெயர் வைத்தது யாரென்று விசாரித்துக்கொண்டு வந்தவர், கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

அமினோ அமிலம் ஒரு மாதிரியான சரக்கு. தூய்மையாகத் தனியே வந்தால் அது ரசாயனம், தீர்வைப் புத்தகத்தில் இருபத்தொன்பதாம் அத்தியாயம். கோழித் தீவனத்தில் கலந்து வந்தால் இருபத்துமூன்று. மனிதர் கரைத்துக் குடிக்கும் சத்து மாவாக டப்பாவில் வந்தால் இருபத்தொன்று, அதாவது உணவு. நரம்பில் ஏற்றும் கரைசலாகப் பையில் வந்தால் முப்பது, மருந்து. பொருள் ஒன்றுதான், எந்த வழியாக யாருக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு இருவரும் போட்ட சண்டையில் எத்தனையோ வேளை சோறு ஆறிப்போயிருக்கிறது.

"மருந்தை நிறுத்துன்னா எப்படிங்க?" என்றாள்.

"அது மருந்தா? வெறும் சத்துத் தண்ணி."

"நரம்புல ஏறுது. முப்பதாவது சாப்டர். நீங்களே எத்தனை ஆர்டர்ல எழுதியிருக்கீங்க. இப்ப மாத்திப் பேசாதீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. அவள் சொன்னதில் ஓட்டை இல்லை. ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். வெளியே யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"டப்பா இருக்கா?" என்றார் பிறகு.

"எந்த டப்பா?"

"நீ கலக்கிக் குடுப்பியே, அது."

பையில் இருக்கும் அதே அமிலங்கள்தான், மாவாக. விழுங்க முடியாமல் போகும்வரை காலையும் மாலையும் ஒரு தம்ளர் குடித்து வந்தார். பால் லேசாகத் திரிந்தாலும் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துக் குறை சொல்கிற மனிதர், இதை மட்டும் ஒரு நாளும் மறுத்ததில்லை. எப்படியிருக்கு என்று கேட்டால், "பரவாயில்ல, கொஞ்சம் இனிப்பு கம்மி" என்பார். தினமும் அதே பதில்தான்.

அவராக வாய் திறந்து கேட்கிறார் என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பசி வந்துவிட்டது, இனி ஒவ்வொன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டே ஓடிப்போய்க் கலக்கி எடுத்து வந்தாள். தலையைக் கையில் தாங்கி ஒரு ஸ்பூன் வாயில் விட்டாள். அவர் மெல்ல, சிரமப்பட்டு விழுங்கினார், முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஸ்பூனை நீட்டியபோது அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது எந்த சாப்டர்?"

"இருபத்தொண்ணு," என்றாள், யோசிக்காமல்.

"அப்படின்னா?"

"சாப்பாடு." சொன்ன பிறகுதான் அவர் எங்கே கொண்டுபோகிறார் என்று அவளுக்கு உறைத்தது.

"மருந்தை வேணாங்கக் கூடாது. நீ சொன்னது சரி. சாப்பாடுன்னா போதும்னு சொல்லலாம்ல?" மூச்சு வாங்கினார். "போதும்மா. வயிறு நிறைஞ்சுடுச்சு."

ஸ்பூன் பாதி வழியில் நின்றது. சொல்ல அவளிடம் பதில் இல்லாமல் இல்லை. டப்பாவின் வகை டப்பாவுக்குத்தான், அதை வைத்துப் பையை முடிவு செய்ய முடியாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த கத்துக்குட்டிகூட இதை உடைத்துப் போட்டுவிடும். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அந்த ஓட்டை வாதத்தைத் தூக்கி அவள் முன் வைத்துவிட்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பூனைத் தம்ளருக்குள் போட்டாள்.

"நீங்க போட்டதுலயே மோசமான ஆர்டர் இதுதான், மூக்கு சார்."

"அப்பீல் போறியா?"

அவர் உதட்டோரத்தில் வழிந்ததை விரலால் துடைத்தாள்.

நர்ஸ் திரும்பி வந்து, "மாட்டிரட்டுமாம்மா?" என்றாள்.

"வேணாம் சிஸ்டர். சாப்பிட்டாச்சு."

மறுநாள் மத்தியானம் அவர் போனார். வெயில் முகத்தில் விழுகிறதே என்று திரையை இழுத்துவிட எழுந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூச்சு இல்லை. வேறொன்றும் நடக்கவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் தம்பிக்குப் போன் செய்தாள்.

அதற்கடுத்த நாள் எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்துவிட்டார்கள். தம்பி மட்டும் இருந்து நாற்காலிகளை அடுக்கினார், அறையைக் கூட்டினார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தார்.

"இதெல்லாம் பிரிக்காத பை அண்ணி. ஆஸ்பத்திரில குடுத்துரவா? யாருக்காவது ஆகும்."

"குடுத்துருங்க."

"இந்த டப்பா?"

"அது இருக்கட்டும்."

அவர் தயங்கி நின்றார். "நேத்துலேர்ந்து நீங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல. ஏதாவது வாங்கிட்டு வரேன் அண்ணி."

"வேணாம் தம்பி. வீட்டுலயே இருக்கு."

சமையலறைக்குப் போய், அவருடைய தம்ளரை எடுத்து, அவருக்குக் கலக்குவதுபோலவே இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள்.

"அண்ணி, அது அண்ணன் மருந்தாச்சே."

"மருந்தில்ல. சாப்பாடு."

ஒரு வாய் குடித்தாள். நாக்கில் பட்ட கசப்பு காதுவரை ஏறியது, குமட்டிக்கொண்டு வந்தது. மூட்டை மூட்டையாக, பீப்பாய் பீப்பாயாக இதைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்திருக்கிறாள், ஒரு துளிகூட வாயில் வைத்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சத்தையும் நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"பரவாயில்ல," என்றாள். "கொஞ்சம் இனிப்பு கம்மி."

தம்ளரைக் கழுவி, எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தாள்.