அடுத்த அறை ஃபேன்

அரிசி களைந்துகொண்டிருந்த றுஸ்தா கையை உதறிவிட்டு முன்னறைக்கு ஓடினாள். மெஷினின் இரைச்சல் மறுபடியும் நின்றுபோயிருந்தது.

வாப்பா பதியுதீன் நித்திரை போலக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூக்கில் குழாய் இருந்தது, அதில் ஒட்சிசன் வரவில்லை. உதடுகள் கறுத்திருந்தன. அவருடைய ஊன்றுகோலின் நுனி சுவர்ச் சுவிச்சுக்கு நேரே சாய்ந்திருந்தது.

"சுவிச்சுக்கு எட்டுற கை கஞ்சிக் கோப்பைக்கு மட்டும் எட்டாது, என்ன வாப்பா?"

சுவிச்சைப் போட்டுவிட்டுத் தடியை எடுத்து மூலையில் வைத்தாள். மெஷின் இரைந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் நெஞ்சு மெல்ல இளகியது.

மெஷின் பள்ளிவாசல் நலன்புரிச் சங்கம் இரவலாகத் தந்தது. கரண்ட் பில் மட்டும்தான் வீட்டுக்காரர் பாடு. அதுதான் அவரை அரித்தது. வீடு றுஸ்தாவுக்குச் சீதனமாக அவரே கட்டிக் கொடுத்தது. உம்மா மவுத்தான பிறகு அதே வீட்டில், மருமகனின் உழைப்பில் இருக்கிறோம் என்ற கூச்சம் அவருக்கு. அவர் வயல்களுக்குத் தண்ணீர் முறை பிரித்துவிடும் வட்டை விதானையாக இருந்தவர். ஒருத்தரின் முறைத் தண்ணீரை இன்னொருத்தர் திருப்பிவிடாமல், வாய்க்கால் நெடுகக் காவல் நடந்தவர்.

போன மாத பில் ஏறி வந்தபோது யாரும் கடைசி வரியைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. மெஷினால் யுனிட் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டது, இனி பிரிட்ஜ், லைட் எல்லாமே கூடின விலைக்குத்தான் என்று அவள் கணவன் பஹ்மி கடையில் கேட்டுவந்து சொன்னான். வாப்பாவும் அதைத்தான் நம்பினார். றுஸ்தாவும் நம்பினாள். நேற்று கல்முனைக்குப் போய், பில் கட்டும் அலுவலகத்தில் இருந்த பெண்பிள்ளையிடம் வரி வரியாகக் கேட்கும் வரைக்கும்.

அந்தப் பில்லை இப்போது கட்டிலில் விரித்தாள்.

"இஞ்ச பாருங்க வாப்பா. பிரிட்ஜ் இரிக்கிற வீடு, முதல் கோட்டை நாம எப்பயோ தாண்டிட்டம். அதுக்கு மேல, கோட்டைத் தாண்டின யுனிட்டுக்கு மட்டும்தான் கூடின விலை. கீழ உள்ளது கீழ் விலையிலயே நிக்கிது. இந்தா, நிலையான கட்டணம் எண்டு இரிக்கிதே, இது ஒண்டுதான் மொத்தமா ஏறினது."

அவர் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப மேல்கட்டு வயலுக்குப் பாயிற தண்ணிக்குக் கீழ்க்கட்டு வயல்காரன் காசு கட்டத் தேவல்ல."

"ஓம். அதேதான்."

மூச்சை எடுத்துக்கொண்டு சுவரின் பக்கம் தலையைத் திருப்பினார். அந்தப் பக்கம்தான் அவளும் பஹ்மியும் படுக்கும் அறை.

"அப்ப என்னத்துக்கு மகள் ராவைல உங்கட ஃபேன் ஓடல்ல?"

றுஸ்தா தாளை மடித்தாள். வேர்க்கவில்லை என்று சொன்னாள். காற்று வருகிறது என்றாள். இந்த வெயில் காலத்தில் எந்தக் காற்று என்று அவர் கேட்கவில்லை.

"அந்தக் கிறீச்சுச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நித்திரை வரும். நீங்க ரெண்டு பேரும் என்ர முறைக்காகத் தண்ணி இல்லாமக் கிடக்கிறீங்க. நான் விதானை, புள்ள. எனக்கிட்டயேவா?"

"எனக்கும் நேத்துத்தான் விளங்கினது வாப்பா."

"சரி. நீ அதைப் போடு. நான் இதை நிப்பாட்டல்ல."

"சத்தியமா?"

"விதானைட பேச்சு."

அவள் போய்ச் சுவிச்சைப் போட்டாள். நாள்கணக்காகச் சும்மா நின்ற ஃபேன் முனகி, பிறகு பழைய கிறீச்சோடு சுற்றத் தொடங்கியது. பஹ்மிக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மாமா நம்மளப் புடிச்சிட்டார் என்று அவன் சிரித்தான். இன்றைக்காவது நித்திரை கொள்ளலாம் என்றான்.

எட்டிப் பார்த்தபோது வாப்பா சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து, கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். கை போர்வைக்குள் இருந்தது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கஞ்சிக் கோப்பையோடு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர்தான் நின்றுபோயிருந்தார்.

கோப்பையைக் கீழே வைத்து, அவருடைய கண்ணிமைகளை மூடினாள். தெரிந்ததையெல்லாம் ஓதினாள். பக்கத்து வீட்டார் வந்தார்கள். பஹ்மி வந்தான். அவன்தான் குழாயை அவர் மூக்கிலிருந்து மெதுவாகக் கழற்றி மெஷினை நிறுத்தினான். பள்ளி ஒலிபெருக்கியில் பதியுதீன் விதானையாரின் பெயர் சொல்லப்பட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம் என்றார்கள்.

ஓதல் ஓய்ந்த ஓர் இடைவெளியில் கிறீச், கிறீச் என்று கேட்டது. வந்திருந்த பெண்ணொருத்தி அடுத்த அறையில் ஆராவது படுத்திருக்கிறார்களா என்று கேட்டாள்.

பஹ்மி எழுந்து அந்த அறைக்குப் போனான். அவன் கை சுவிச்சை நோக்கி உயர்வது, றுஸ்தா இருந்த இடத்திலிருந்து தெரிந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு விரலைப் பக்கத்திலிருந்த குமிழுக்கு நகர்த்தி, ஃபேனை ஒரு படி கூட்டிவிட்டு வெளியே வந்தான்.

யாருமில்லாத கட்டிலில் விரிப்பின் ஓரம் எழும்பி எழும்பிப் படிந்தது.