பிடி விட்ட களிமண்

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், லூர்துநாதனின் வீடு அஸ்திவாரத்துக்காக மண்ணில் ஆழமாக இறக்கிய பைல் தூண்களையும் பிடுங்கிக்கொண்டு மேலே போனது. அன்று சந்தையில் வஞ்சிரம் வரவில்லை. சங்கரா மீன் வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது வீடு தென்னை உயரத்தில் நின்றது. கான்கிரீட் கால்கள் மரவள்ளிக் கிழங்கு மாதிரி சேறு சொட்டத் தொங்கின. ஜன்னலில் அவர் மனைவி ஆனந்தமேரி நின்றாள்.

கடற்காற்று கூரையைத் தூக்கும், பிடித்துக்கொள்ள ஆழமான பைல் வேண்டும் என்று எஞ்சினியர் கிளாட்வின் சரியாகத்தான் சொன்னான். ஆனால் தவக்காலத்தில் கடைக்கால் எடுக்கக் கூடாதென்று ஆனந்தமேரி வேலையை ஈஸ்டர் வரை நிறுத்திவைத்தாள். அதனால் பைலை ஜாக்கி வைத்து மேலே இழுத்துப் பார்த்த சோதனை கத்திரி வெயிலில் நடந்தது. இறுகிக் கிடந்த களிமண்ணில் பைல் இம்மியும் அசையவில்லை. எல்லோரும் கேக் தின்றார்கள். முதல் வருஷம் மழை பொய்த்தது. ஈரத்தில் ஒருமுறை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கிளாட்வின் ஓடிவந்து அழுதான். "களிமண்ணு அங்கிள். காஞ்சா கல்லாட்டம் புடிக்குது, தண்ணி குடிச்சா வழவழன்னு உட்டுடுது." ஏணி வைத்தார்கள், வீடு ஏணியைத் தாண்டி உயர்ந்தது. குதிக்கத் தெம்பில்லாத ஆனந்தமேரி, கட்டட வேலையில் மிஞ்சிய நைலான் கயிற்றைக் கீழே விட்டாள். லூர்துநாதன் அதைத் தென்னையில் கட்டினார். தென்னை வேரோடு வந்தது. வேறு வழியில்லாமல் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றில் தொடைவரை இறங்கி நின்றார். தையில் மண் காய்ந்து அவரைக் கவ்வியது. வீடும் நின்றது.

மகள் லினெட் தினமும் வந்து கஞ்சி ஊட்டினாள். மேகம் திரண்டால் அவர் குழந்தை மாதிரி விம்முவார். பக்கத்து நிலத்துப் பலராமன் அவரைச் சுற்றித் தார்ப்பாய் விரித்துப் பார்த்தார். தண்ணீர் அடியில் ஊறிக்கொண்டு வந்தது.

அடுத்த ஐப்பசியில் களி இளகியது.

"ஏங்க, அவுத்து உடுங்க. நான் ஒருத்தியே போயிடறேன்," என்று மேலிருந்து கத்தினாள் ஆனந்தமேரி.

"சும்மா இரு மேரி. வந்துட்டேன்," என்றார் அவர். கால்கள் சேற்றிலிருந்து சத்தமில்லாமல் கழன்றன.

வீராம்பட்டினத்து மீனவர்கள் இப்போது கரை திரும்ப வானத்தில் நிற்கும் அந்த வீட்டைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். கீழே ஆள் தொங்குவது தெரியும். சாப்பாட்டு வேளையில் ஒரு வாளி இறங்கும். கயிறு முன்னைப் போல நீளமில்லை. அவள் சாண் சாணாக இழுத்துக்கொண்டிருக்கிறாள்.