அட்மிரல் வேடின் விண்ணப்பம்

வேட் டிஸ்டேல் தன் புது மோட்டார் படகுக்கு 'அட்மிரல் வேட்' என்று பெயர் வைத்திருந்தான். கடற்படைப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. சார்ல்ஸ்டன் நகரத்தில் ஏசி விற்றான். இதுவரை ஒரு மீன் பிடித்ததில்லை. ஆனால் படகின் தலைமேல் மீன் கூட்டம் தேடுகிற உயரமான கோபுரம் ஒன்று நின்றது. இதையெல்லாம் பார்த்து அவன் நண்பன் ராஸ்கோவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படகில் மெத்தையும் நிழலும் ஐஸ்பெட்டி நிறைய பீரும் இருந்ததால் குமட்டலைப் பொறுத்துக்கொண்டு ஏறிவிட்டான்.

வேட் அன்று கரையோரக் கால்வாய் வழியாகத் தெற்கே போனதற்குக் காரணம் ஒரு காகிதம். அங்கிருந்த படகுச் சங்கத்தில் சேர உறுப்பினர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குக் கெடு. ஏற்கெனவே இரண்டு தடவை அவன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மூன்றாவது தடவையும் தள்ளுபடி செய்தால் ஆயுசுக்கும் கிடையாது. சங்க உறுப்பினனான ராஸ்கோ மூன்றாவது பீரில் முதல் கையெழுத்தைப் போட்டிருந்தான். இன்னொன்றுக்குச் சங்கத்துப் படகுத்துறையில் யாரையாவது பிடிக்க வேண்டும்.

இரண்டு மணி சுமாருக்கு முன்னால் 'மேரி லூ' என்ற பழைய படகு நத்தை மாதிரி போய்க்கொண்டிருந்தது. மெதுவான படகைத் தாண்டுவதற்கு அந்தக் கால்வாயில் ஒரு முறை உண்டு. ரேடியோவில் கேட்க வேண்டும். இரண்டு பேரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அலை எழும்பாமல் தவழ்ந்து தாண்ட வேண்டும். ராஸ்கோவுக்கு அது பால் குடிக்கிற வயசிலேயே தெரியும். அந்தப் படகு யாருடையது என்பதும் தெரியும். ஆனால் அட்மிரல் அசடு வழிவதை இலவசமாகப் பார்க்கிற வாய்ப்பு தினமுமா வரும்? இன்னொரு பீரைத் திறந்தான்.

வேட் முழு வேகத்தில் சீறினான். பின்னால் 'மேரி லூ' பொம்மைக் கப்பல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

"பாத்தியாடா, ஒரே தாண்டு!"

"பாத்தேன் அட்மிரல்."

ரேடியோ கரகரத்தது. "அட்மிரல் வேட், மேரி லூ பேசறேன். என் வெண்டைக்கா சூப்பு இப்ப என் மடியில இருக்கு. ரொம்ப நன்றி."

"யாருடா இந்தம்மா?"

"யாரோ" என்றான் ராஸ்கோ.

ஐந்து நிமிடத்தில் பாலம் குறுக்கிட்டது. தாழ்வான பாலம், அரை மணிக்கு ஒரு தடவைதான் திறக்கும். சின்னப் படகெல்லாம் அடியில் புகுந்து போய்விட்டன. அட்மிரலின் கோபுரம் இடிக்கும். காத்திருந்தார்கள். இரண்டு இருபத்தேழுக்கு 'மேரி லூ' சாவகாசமாக வந்து பக்கத்தில் நின்றது. முனையில் சங்கத்தின் நீலக் கொடி.

வேடின் முகம் வெளுத்தது. "ராஸ்கோ, அந்தக் கொடி..."

"ஆமா. டாக்டர் ஹக்கபி. சங்கத்துல முப்பது வருஷமா இருக்காங்க."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"என் கடவாப்பல்லைப் புடுங்கினதே அவங்கதான்."

டாக்டரின் வெள்ளைக் கால்சட்டை பச்சையாக இருந்தது. வேட் இப்போது பீற்றிக்கொள்வான் என்று ராஸ்கோ ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்த மடையன் தொப்பியைக் கழற்றினான்.

"தப்புதாங்க மேடம். உங்க சங்கத்துல சேரத்தான் வந்துக்கிட்டிருக்கேன். இப்படித் தாண்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லலை."

"யாரும் சொல்லலையா?" டாக்டரின் பார்வை ராஸ்கோ மேல் திரும்பியது. "நீ பக்கத்துல உக்காந்து என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?"

"பீர் குடிச்சிட்டிருந்தேன், டாக்டர்."

"நல்லது. இவனுக்கு யார் கையெழுத்துப் போட்டது?"

வேட் காகிதத்தை நீட்டினான். டாக்டர் படித்தார். ராஸ்கோவின் பெயரை நிதானமாக அடித்தார். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

"இவன் தெரியாம செஞ்சான். நீ தெரிஞ்சே வேடிக்கை பாத்தே. உன்னை மாதிரி ஆளுங்க சங்கத்துல ஏற்கெனவே வண்டி வண்டியா இருக்கு."

பாலம் திறந்தது. வேட் எண்ணிப் பார்த்தான். இப்போதும் ஒரே கையெழுத்துதான். பாலத்தைத் தாண்டியதும் தூண்டில் இரை விற்கிற கடையின் படகுத்துறைக்குத் திருப்பினான்.

"எறங்குடா."

"என்னது?"

"உன்னையும் வச்சிக்கிட்டு அங்க போனா எவன் கையெழுத்துப் போடுவான்? எறங்கு."

ராஸ்கோ இறங்கினான். அட்மிரல் கிளம்பும்போது துறைக் கம்பத்தில் நன்றாகவே உரசினான். அதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடை ரேடியோவில் வேடின் குரல் கேட்டது. சங்கத்துப் படகுத்துறையில் இடம் கேட்டான். "வாப்பா, மெதுவா வா" என்றது பதில். "டாக்டர் எல்லாம் சொன்னாங்க. பேனா எடுத்து வச்சிருக்கேன்."

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்களேன்" என்றான் ராஸ்கோ.

கடைக்காரர் கூட்டி வைத்தார்.