விரல்கள் விரிந்தன (அடித்துவிட்டேன்)

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கைகுலுக்கலில் பிறந்தது. தோள்வலிக்காக ஒரு பிசியோதெரபி அறையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் வலது கையை நீட்டினார். குலுக்கினேன். அவர் விடவில்லை. பாசம் என்று நினைத்தேன், முகத்தைப் பார்க்கும்வரை. முகம் வியர்த்திருந்தது. அவர் மனைவி ஓடிவந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. பிடிச்சா அவருக்கு விட வராது. என் கையைக்கூட இவ்வளவு கெட்டியா பிடிச்சதில்ல.”

2.

தொடக்கம், முதல் முயற்சி: பக்கவாதம் வந்து நான்கு மாதங்கள் கழித்து, ஒரு மழைநாள் காலையில், கட்டிங் மாஸ்டர்—

(மழை எதற்கு? வேண்டாம்.)

தையல் கடையில் இருபத்தாறு வருடம் துணி வெட்டியவர் மாஸ்டர். இப்போது கை மூடுகிறது, திறக்க மறுக்கிறது. கத்தரிக்கோலுக்கோ திறப்பதுதான் பாதி வேலை. வருகிற திங்கட்கிழமை கடைக்காரர் அவரை வெட்டச் சொல்லிப் பார்க்கப் போகிறார். தேறாவிட்டால் அந்த மேசைக்கு வேறு ஆள். அதை நினைத்தாலே மாஸ்டருக்குப் பயம். பயந்தால் விரல்கள் இன்னும் இறுகும்.

3.

பிசியோ பெண் வீட்டுப் பயிற்சிக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் டம்ளரைப் பிடித்து, தானாக விட்டால் ஒரு டிக்.

“யாரும் இழுக்கக் கூடாது மாஸ்டர். இழுத்தா இன்னும் இறுகும். மூச்சை மெதுவா விட்டுட்டுக் காத்திருங்க.”

மனைவிக்குப் பொறுக்கவில்லை. அடுப்பில் பால் வேறு. விரல்களைப் பிரித்து டம்ளரை உருவிக்கொண்டு, டிக் போட்டுவிடுவார். ஒரு வாரத்தில், கடைசிக் கட்டம் தவிர, தாள் நிறைந்துவிட்டது.

(நான் மட்டும் யோக்கியமா? முதல் பிரதியில் ‘விரல்கள் விரிந்தன’ என்று எழுதி, அவரை வேலைக்கே அனுப்பிவிட்டேன். நானும் ஒரு டிக் போட்டேன், அவ்வளவுதான். பிறகு அடித்துவிட்டேன்.)

4.

சனிக்கிழமை. பிசியோ பெண் தாளைப் பார்த்துப் பூரித்துப்போய் டம்ளரை நீட்டினார். மாஸ்டர் பிடித்தார்.

“எங்கே, விடுங்க.”

ஒரு நிமிடம். இரண்டு. மனைவியின் கை தன்னையறியாமல் முன்னே வந்தது.

“இந்த டிக்கெல்லாம் நீங்கதானா?”

“அவர் தோத்துட்டார்னு என் கையால எழுத மனசு வரல மேடம்.”

“அவளைத் திட்டாதீங்க,” என்றார் மாஸ்டர், வாய் லேசாகக் குழற. “பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். எனக்கும் அந்த டிக் வேண்டியிருந்துச்சு.”

மனைவி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. டம்ளர் தரையில் விழுந்து உருண்டது. விட்டாரா, வியர்வையில் வழுக்கியதா? மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

5.

முடிவு அ: கத்தரிக்கோல் திறக்கிறது. கடையே கைதட்டுகிறது.

முடிவு ஆ: மேசையில் வேறு ஆள். மாஸ்டர் வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல்—

(எழுத முடியவில்லை. பயமாக இருக்கிறது.)

இரண்டிலும் விரலைப் பிரிப்பது நான்தான். ஆகவே கையை எடுத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை. மேசையில் துணி விரித்திருக்கிறது, மேலே கத்தரிக்கோல். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனைவி வாசலிலேயே கைகளை இறுகக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மாஸ்டர் உள்ளே வருகிறார். பழைய பழக்கத்தில், முதலில் கண்ணில் பட்டவருக்கு வலது கையை நீட்டுகிறார்.

அது நீங்கள்.

பிடித்துவிட்டார். தயவுசெய்து இழுக்காதீர்கள்.